உதகை எவ்வளவு தொலைவு?

நுழையும்முன்

கைப்பேசியில் இரண்டு ஊர்களின் பெயர்களைக் குறித்தால், தொலைவும் பயண நேரமும் நொடிப்பொழுதில் திரையில் தோன்றுகின்றன. அவ்விரண்டு எண்களும் எவ்வாறு கிடைக்கின்றன? ஒரே தொலைவைக் கடக்கப் போகும்போது ஒரு நேரமும் திரும்பும்போது வேறொரு நேரமும் ஆவது ஏன்? நீலகிரி மலையிலிருந்து தொடங்கி, இவ்வினாக்களுக்கு விடை தேடுகிறது இக்கட்டுரை.

ஒரு வினா, ஐந்து விடைகள்

மேட்டுப்பாளையம் தொடர்வண்டி நிலையத்தில் நின்று வடமேற்கே நோக்கினால், நீலகிரி மலை ஒரு பெருஞ்சுவர்போல் எழுந்து நிற்பதைக் காணலாம். அச்சுவருக்கு அப்பால் இருக்கிறது உதகமண்டலம். நிலப்படத்தில் இவ்விரண்டு ஊர்களையும் ஒரு நேர்கோட்டால் இணைத்து அளந்தால், தொலைவு ஏறத்தாழ 28 கிலோமீட்டர். மலைத் தொடர்வண்டி செல்லும் இருப்புப்பாதையின் நீளமோ 46 கிலோமீட்டர். குன்னூர் வழியாகச் செல்லும் சாலை 50 கிலோமீட்டருக்குச் சற்று மிகுதி. காலை 7.10 மணிக்கு மேட்டுப்பாளையத்தில் புறப்படும் வண்டி, உதகையை அடையும்போது நண்பகல் ஆகிவிடுகிறது. கால அட்டவணைப்படி மலையேற 290 நிமிடங்கள். இறங்க 215 நிமிடங்கள்.

ஆகவே, 'மேட்டுப்பாளையத்திலிருந்து உதகை எவ்வளவு தொலைவு?' என்னும் எளிய வினாவுக்கு ஐந்து விடைகள் இருக்கின்றன. ஐந்தும் சரியானவை. பறவைக்கு ஒன்று, வண்டிக்கு ஒன்று, பேருந்துக்கு ஒன்று. ஏறுபவருக்கு ஒன்று, இறங்குபவருக்கு ஒன்று.

சென்னையிலிருந்து இரவில் புறப்படும் நீலகிரி விரைவு வண்டி, 500 கிலோமீட்டருக்கும் மேற்பட்ட தொலைவை ஏறத்தாழ ஒன்பதரை மணி நேரத்தில் கடந்து, விடியற்காலையில் மேட்டுப்பாளையம் வந்து சேர்கிறது. அதில் வந்தவர்கள் எஞ்சிய 46 கிலோமீட்டரைக் கடக்க மேலும் ஐந்து மணி நேரத்தை ஒதுக்க வேண்டும். தூங்கிக்கொண்டே தமிழ்நாட்டின் குறுக்கே வந்தவருக்கு, கடைசிக் கைப்பிடித் தொலைவுதான் நெடும்பயணமாக அமைகிறது.

நாழிகைவழி

தொலைவை நேரத்தால் சொல்லும் வழக்கம் தமிழுக்குப் புதிதன்று. 24 நிமிடம் கொண்டது ஒரு நாழிகை. ஒரு நாழிகைப் பொழுது நடந்தால் கடக்கக்கூடிய தொலைவை 'நாழிகைவழி' என்றனர். ஒருவர் குரல் மற்றவருக்குக் கேட்கும் அளவைக் 'கூப்பிடு தூரம்' என்றனர். காலப்போக்கில் இத்தகைய அளவைகளுக்கு நிலையான மதிப்புகள் வகுக்கப்பட்டாலும், அச்சொற்களின் பிறப்பு நடப்பவரின் காலிலும் அழைப்பவரின் தொண்டையிலும்தான் இருக்கிறது. கிலோமீட்டருக்கு மேடும் பள்ளமும் தெரியாது, காலுக்குத் தெரியும்.

பத்துப்பாட்டில் ஐந்து நூல்கள் ஆற்றுப்படைகள். 'ஆறு' என்னும் சொல்லுக்கு வழி என்பது பொருள். பரிசில் பெற்று வரும் கலைஞர் ஒருவர், வறுமையோடு எதிரே வரும் கலைஞருக்கு வழிகாட்டுவதாக அமைந்தவை இவற்றுள் நான்கு. அவற்றுள் மலைபடுகடாம், நன்னனின் ஊருக்குச் செல்லும் மலைவழியை விரித்துரைக்கிறது. அந்நூல் வழியின் நீளத்தைக் காட்டிலும் வழியின் இயல்பையே பெரிதாகக் கருதுகிறது. விலங்குகளுக்காக வைக்கப்பட்ட பொறிகள் எங்கே இருக்கும், பாம்புகள் உறையும் இடம் எது, தினைப்புனம் காப்போர் வீசும் கவண்கற்களிலிருந்து எப்படித் தப்புவது, வழுக்கும் பாறைகளில் எதைப் பற்றிக்கொண்டு நடப்பது, இரவானால் எங்கே தங்குவது என்பனவே அதில் சொல்லப்படும் செய்திகள். மலையில் பயணம் செய்பவர் அறிய வேண்டியது எண்ணை அன்று, இடையில் இருப்பதை என்று அப்புலவர் கருதியிருக்க வேண்டும். பிற்காலத்தில் நீலகிரிக்குப் பாதை அமைக்க வந்த பொறியாளர்களும் ஏறக்குறைய அதே வினாக்களைத்தான் கேட்டனர்.

தோடர், கோத்தர், குறும்பர், இருளர், படகர் முதலிய மக்கள் நீலகிரியின் காட்டுத்தடங்களில் நெடுங்காலமாக நடந்து பழகியவர்கள். கோயம்புத்தூர் மாவட்ட ஆட்சியராக இருந்த ஜான் சல்லிவன் 1819ஆம் ஆண்டு இம்மலைக்கு வந்தார். அதன்பின் சிறுமுகையிலிருந்து கோத்தகிரிப் பக்கமாக ஒரு பாதை அமைக்கப்பட்டது. 1830களில் குன்னூர் வழியாக மலைப்பாதை உருவாயிற்று. பின்னர் உதகை, சென்னை மாகாண அரசின் கோடைக்காலத் தலைநகரமாகவும் ஆயிற்று. ஓர் அரசே ஆண்டுதோறும் தன் கோப்புகளோடும் எழுத்தர்களோடும் மலையேறி இறங்க வேண்டிய நிலை. விரைவான வழியின் தேவை அப்போது பெரிதாக உணரப்பட்டதில் வியப்பில்லை.

1873ஆம் ஆண்டில் மேட்டுப்பாளையம் வரை இருப்புப்பாதை வந்துவிட்டது. மலைமேல் பாதை அமைக்கும் எண்ணமோ 1854ஆம் ஆண்டிலேயே முன்வைக்கப்பட்டிருந்தது. பணி தொடங்கியது 1891இல். குன்னூரை வண்டி எட்டியது 1899இல். உதகையை எட்டியது 1908இல். எண்ணம் தோன்றியதிலிருந்து உதகையில் வண்டி வந்து நிற்பதுவரை 54 ஆண்டுகள் கடந்துவிட்டன. இன்று ஐந்து மணி நேரம் மெதுவாகச் செல்கிறதே என்று சலித்துக்கொள்ளும் பயணிகள், அவ்வைம்பத்து நான்கு ஆண்டுகளையும் சேர்த்து எண்ணிப் பார்க்கலாம்.

சரிவின் கணக்கு

வண்டி ஏன் இவ்வளவு மெதுவாகச் செல்கிறது? விடை சரிவில் இருக்கிறது.

மேட்டுப்பாளையம் நிலையம் கடல் மட்டத்திலிருந்து 326 மீட்டர் உயரத்திலும் உதகை நிலையம் 2,203 மீட்டர் உயரத்திலும் உள்ளன. இடைப்பட்ட உயரம் 1,877 மீட்டர். இந்த ஏற்றம் பாதை முழுவதும் சமமாகப் பரவியிருக்கவில்லை. மேட்டுப்பாளையத்திலிருந்து கல்லாறு வரை உள்ள ஏழு கிலோமீட்டர் பாதை பாக்குத்தோப்புகளின் நடுவே ஏறக்குறைய சமதளத்தில் ஓடுகிறது. கல்லாற்றைத் தாண்டியதும் மலை தொடங்குகிறது. அங்கிருந்து குன்னூர் வரை உள்ள 20 கிலோமீட்டரில் மட்டும் வண்டி ஏறத்தாழ 1,300 மீட்டர் உயர வேண்டும்.

சமவெளியில் இருப்புப்பாதை அமைப்போர், 100 மீட்டர் முன்னே சென்றால் ஒரு மீட்டர் உயரும் சரிவையே மிகுதி எனக் கருதுவர். இரும்புச் சக்கரமும் இரும்புத் தண்டவாளமும் வழவழப்பானவை. அவற்றுக்கு இடையே உராய்வு குறைவு. சமதளத்தில் இது நன்மை. சிறிய விசையிலேயே பெரிய சுமையை இழுக்க முடிகிறது. சரிவு கூடும்போது அதே நன்மை தீமையாகிறது. சக்கரம் நின்ற இடத்திலேயே சுழலும், வண்டி நகராது. நூற்றுக்கு ஒன்று என்னும் சரிவிலேயே 1,300 மீட்டர் ஏறுவதாக இருந்தால், மலையைச் சுற்றிச் சுற்றி 130 கிலோமீட்டர் பாதை அமைக்க வேண்டியிருக்கும். செங்குத்தான அம்மலை முகத்தில் அதற்கு இடமும் இல்லை.

ஆகவே வேறு வழி தேடப்பட்டது. ரோமன் ஆப்ட் என்னும் சுவிட்சர்லாந்துப் பொறியாளர் வகுத்த பற்சட்ட முறை இங்குக் கையாளப்பட்டது. இரண்டு தண்டவாளங்களுக்கும் நடுவே பற்கள் கொண்ட இரும்புச் சட்டங்கள் இரண்டு பதிக்கப்பட்டுள்ளன. பொறியின் அடியில் உள்ள பற்சக்கரங்கள் அச்சட்டங்களின் பற்களைக் கவ்விக்கொண்டு ஏறுகின்றன. ஒரு சட்டத்தின் பற்கள் மற்றதன் இடைவெளிகளுக்கு நேராக வருமாறு மாற்றி அமைக்கப்பட்டிருப்பதால், பிடி ஒரு கணமும் விடுபடுவதில்லை. ஏணியில் ஏறுபவர் ஒரு கையை எடுக்கும்போது மறுகையால் பற்றியிருப்பதைப் போன்றது இது. இம்முறையால் 12 மீட்டருக்குச் சற்று மிகுதியாக முன்னேறும்போதே ஒரு மீட்டர் உயரும் சரிவில் வண்டி ஏற முடிகிறது. அதற்கு ஏற்ப 1,300 மீட்டர் உயரத்துக்குக் கணக்கிட்டால், ஒரு சமதளமும் இல்லாமல் ஏறினாலும் 16 கிலோமீட்டர் பாதை வேண்டும். கல்லாறு முதல் குன்னூர் வரை உள்ள பாதை 20 கிலோமீட்டர். வண்டி ஏறக்குறைய வழிநெடுகத் தன் ஆற்றலின் எல்லையிலேயே ஏறிச் செல்கிறது என்பது இதனால் விளங்கும்.

பற்சட்டப் பகுதியில் வண்டி மணிக்கு 13 கிலோமீட்டர் வேகத்துக்குமேல் செல்வதில்லை. பொறி பெட்டிகளை முன்னின்று இழுப்பதில்லை, பின்னின்று தள்ளுகிறது. ஏதேனும் ஓர் இணைப்பு அறுந்தாலும் பெட்டிகள் பின்னோக்கி உருண்டோடாமல் பொறி தாங்கிக்கொள்ளும். ஒவ்வொரு பெட்டியிலும் தடையை இயக்குவதற்கு ஒரு பணியாளர் இருப்பார்; கொடியசைத்து ஒருவருக்கொருவர் குறிப்புணர்த்துவர். நீராவிப் பொறிக்கு வழியில் நீர் நிரப்ப வேண்டும். அதற்காகவும் வண்டி நிற்கும். மொத்தப் பாதையில் 208 வளைவுகளும் 16 குகைகளும் 250 பாலங்களும் உள்ளன. குன்னூருக்கு மேல் சரிவு தணிகிறது, பற்சட்டம் தேவைப்படுவதில்லை.

46 கிலோமீட்டரை 290 நிமிடங்களால் வகுத்தால், ஏறும்போது சராசரி வேகம் மணிக்கு ஒன்பதரைக் கிலோமீட்டர். இறங்கும்போது அது பதின்மூன்றை நெருங்குகிறது. இறங்குவது எளிது என்றால், பயண நேரம் பாதியாகக் குறைந்திருக்க வேண்டாமா எனக் கேட்கலாம். மலையில் இறங்கும் வண்டிக்கு வேகம் தானாகவே வந்துவிடும். அதைத் தடுத்து நிறுத்துவதுதான் வேலை. அதனால்தான் ஈர்ப்பு விசையின் உதவி இருந்தும் 75 நிமிடங்கள் மட்டுமே மிச்சமாகின்றன.

இப்பாதை 2005ஆம் ஆண்டு யுனெஸ்கோவின் உலகப் பாரம்பரியச் சின்னங்களுள் ஒன்றாயிற்று. மெதுவாகச் செல்வதற்காகவே உலகெங்கிலுமிருந்து மக்கள் வந்து ஏறும் வண்டி இது.

சரிவு எல்லாருக்கும் தடையாக இருந்ததில்லை என்பதையும் இங்குக் குறிப்பிட வேண்டும். உதகைக்கு அருகே முத்தோரையில் 530 மீட்டர் நீளமுள்ள வானொலித் தொலைநோக்கி ஒன்று மலைச்சரிவில் நிறுவப்பட்டுள்ளது. கோவிந்த் ஸ்வரூப் தலைமையில் உருவாகி, 1970ஆம் ஆண்டு செயற்படத் தொடங்கியது அது. உதகையின் அட்சரேகை ஏறத்தாழ 11.4 பாகை. அதே 11.4 பாகை சரிந்த ஒரு மலைமுகத்தைத் தேடிக் கண்டுபிடித்து, தொலைநோக்கியின் அச்சு புவியின் சுழல் அச்சுக்கு இணையாக இருக்குமாறு அதை அமைத்தனர். வண்டியைத் தாமதப்படுத்தும் சரிவு, விண்மீன்களைத் தொடர்ந்து நோக்குவதற்குத் துணையாயிற்று.

நாற்றுகள் வந்த வழி

பயண நேரம் மனிதருக்கு அலுப்பையோ ஓய்வையோ தரும். சில பயணங்களில் அது உயிரையே முடிவு செய்கிறது. நீலகிரிக்கு வந்த சிங்கோனா நாற்றுகளின் கதை அத்தகையது.

மலேரியாக் காய்ச்சலுக்கு மருந்தாகிய கொய்னா, சிங்கோனா மரத்தின் பட்டையிலிருந்து எடுக்கப்படுவது. அம்மரம் தென் அமெரிக்காவின் ஆண்டிஸ் மலைச்சரிவுகளில் வளர்வது. அதை இந்தியாவில் பயிரிட விரும்பிய ஆங்கில அரசு, கிளெமென்ட்ஸ் மார்க்கம் என்பவரைப் பெரு நாட்டுக்கு அனுப்பியது. ஆண்டிஸ் நாடுகள் தம் மரத்தின் நாற்றும் விதையும் வெளியே போவதை விரும்பவில்லை. எனவே அவர் விரைந்து செயற்பட வேண்டியிருந்தது. 1860ஆம் ஆண்டில் நாற்றுகளைச் சேகரித்து, கண்ணாடி பொருத்திய மரப்பெட்டிகளில் வைத்துக் கப்பலேற்றினார்.

பெருவும் நீலகிரியும் புவியுருண்டையின் ஏறக்குறைய எதிரெதிர்ப் பக்கங்களில் உள்ளன. மிகக் குறுகிய வழியில் அளந்தாலும் 16,000 கிலோமீட்டருக்கு மேல். நாற்றுகள் அவ்வழியில் வரவில்லை. பசிபிக் கரையோரமாகப் பனாமா சென்று, தரைவழியே அந்நிலத்தைக் கடந்து, மீண்டும் கப்பலேறி இங்கிலாந்தை அடைந்தன. சூயசுக் கால்வாய் அப்போது இல்லை. அது திறக்கப்பட்டது 1869இல்தான். ஆகவே எகிப்தை நிலவழியே கடந்து, செங்கடலில் மறுபடியும் கப்பலேறி, மும்பை வந்து, அங்கிருந்து தெற்கே இறங்கி, அக்டோபர் மாதத்தில் உதகையை அடைந்தன. குளிர்ந்த மலைச்சரிவில் பிறந்த நாற்றுகள் செங்கடலின் கடும் வெப்பத்தில் வாடிவிட்டன. உதகை அரசினர் தோட்டத்தின் கண்காணிப்பாளர் மெக்கைவரின் கைக்கு வந்து சேர்ந்தபின்னும் அவை பிழைக்கவில்லை.

அடுத்து, ஈக்வடாரில் ரிச்சர்டு ஸ்புரூசும் இராபர்ட் கிராசும் சேகரித்த செம்பட்டைச் சிங்கோனா நாற்றுகள் புறப்பட்டன. கிராஸ் அவற்றுடன் பயணம் செய்தார். வழி ஏறக்குறைய அதே வழிதான். தொலைவும் ஏறக்குறைய அதே தொலைவுதான். ஆனால் அவை புறப்பட்டது 1861ஆம் ஆண்டின் தொடக்கத்தில். செங்கடலின் கொடிய கோடை வருவதற்கு முன்பே அதைக் கடந்து, ஏப்ரல் மாதத்தில் உதகை வந்து சேர்ந்தன. நானூற்றுக்கும் மேற்பட்ட நாற்றுகள் உயிரோடு வந்தன; நீலகிரி மண்ணில் வேரூன்றின. தொட்டபெட்டாவிலும் நடுவட்டத்திலும் சிங்கோனாத் தோட்டங்கள் எழுந்தன. தனியே அனுப்பப்பட்ட விதைகளும் முளைத்தன. விதைக்குப் பயண நேரம் ஒரு பொருட்டன்று, நாற்றுக்கு அவ்வாறன்று.

காற்றும் கடிகாரமும்

மாதக்கணக்கில் ஆன பயணங்கள் இன்று மணிக்கணக்கில் முடிகின்றன. எனினும் நீலகிரியிலிருந்து நெடுந்தொலைவு செல்வோர் முதலில் மலையிறங்கியே ஆக வேண்டும். நீலகிரி மாவட்டத்தில் வானூர்தி நிலையம் இல்லை. அருகில் உள்ளது கோயம்புத்தூர் வானூர்தி நிலையம். உதகையிலிருந்து அது நேர்கோட்டில் ஏறத்தாழ 56 கிலோமீட்டர். மணிக்கு 850 கிலோமீட்டர் வேகத்தில் பறக்கும் வானூர்திக்கு அது நான்கு நிமிடத் தொலைவு. சாலைவழியே இறங்கிச் செல்பவருக்கு ஏறத்தாழ மூன்று மணி நேரம்.

வானூர்தியின் கணக்கிலும் ஒரு நுட்பம் உண்டு. கோயம்புத்தூருக்கும் சென்னைக்கும் இடையே வான்வழித் தொலைவு ஏறத்தாழ 400 கிலோமீட்டர். 850ஆல் வகுத்தால் அரைமணி நேரத்தில் சென்றுவிட வேண்டும். ஆனால் அட்டவணையில் ஒரு மணி நேரத்துக்குமேல் குறிக்கப்பட்டிருக்கும். ஓடுபாதைக்கு ஊர்ந்து செல்வது, மேலெழுவது, வேகத்தைக் குறைத்து இறங்குவது, தரையிறங்க முறைக்காகக் காத்திருப்பது ஆகியவையெல்லாம் அதில் அடங்கும். குறுந்தொலைவுப் பயணத்தில் இவையே பெரும்பகுதி நேரத்தை எடுத்துக்கொள்கின்றன. எனவே நேரத்தை அறிய, தொலைவை வேகத்தால் வகுப்பது நெடுந்தொலைவுப் பயணங்களுக்கே ஓரளவு பொருந்தும்.

சென்னையிலிருந்து இலண்டன் ஏறத்தாழ 8,200 கிலோமீட்டர். இந்த எண் தட்டையான நிலப்படத்தில் அளவுகோலை வைத்துப் பெற்றதன்று. வகுப்பறையில் உள்ள புவியுருண்டையில் இரண்டு நகரங்களின்மீதும் ஒரு நூலின் முனைகளை வைத்து இறுக்கிப் பிடித்தால், நூல் படியும் கோடே மிகக் குறுகிய வழி. அதே கோட்டைத் தட்டையான நிலப்படத்தில் வரைந்தால், வடக்கு நோக்கி வளைந்த வில்லாகத் தெரியும். 2021 ஜனவரியில் பெண் விமானிகளே இயக்கிய ஏர் இந்தியா வானூர்தி ஒன்று, சான் பிரான்சிஸ்கோவிலிருந்து வடதுருவத்தின்மேல் பறந்து பெங்களூரு வந்தது. தெற்கே உள்ள ஊருக்கு வர வடக்கே போவது சுற்றுவழிபோல் தோன்றும். உருண்டையில் நூலை இறுக்கிப் பார்த்தால் ஐயம் நீங்கிவிடும். நூல் காட்டும் வழியில் எப்போதும் செல்ல முடிவதில்லை என்பது வேறு செய்தி. போராலோ பகையாலோ ஒரு நாட்டின் வான்வெளி மூடப்பட்டால், வானூர்திகள் வளைந்து சென்றே ஆக வேண்டும். நேரமும் எரிபொருளும் கூடும்.

மலைத் தொடர்வண்டிக்குச் சரிவு எப்படியோ, நெடுந்தொலைவு வானூர்திக்குக் காற்று அப்படி. தரையிலிருந்து ஏறத்தாழ 10 கிலோமீட்டர் உயரத்தில், நடு அட்சரேகைப் பகுதிகளில், மேற்கிலிருந்து கிழக்காக மிகுந்த வேகத்தோடு காற்றோட்டங்கள் வீசுகின்றன. குளிர்காலத்தில் அவற்றின் வேகம் மணிக்கு 200 கிலோமீட்டரையும் தாண்டுவதுண்டு. இலண்டனிலிருந்து சென்னைக்கு வரும் வானூர்தியை அக்காற்று பின்னின்று தள்ளுகிறது; ஏறத்தாழ 10 மணி நேரத்தில் பயணம் முடிந்துவிடும். சென்னையிலிருந்து இலண்டனுக்குப் போகும்போது அது எதிர்த்து நிற்கிறது. பயண நேரம் முக்கால் மணியோ ஒரு மணியோ கூடுகிறது. தொலைவு மாறவில்லை. ஆற்றின் போக்கில் செல்லும் பரிசலுக்கும் எதிர்த்துச் செல்லும் பரிசலுக்கும் உள்ள வேறுபாடே இது.

இவ்வேறுபாட்டைப் பயணச்சீட்டில் தேடுபவர் சற்றுக் குழம்பக்கூடும். சென்னையில் காலை 5.30 மணிக்குப் புறப்பட்டு, இலண்டனை அன்றே காலை 11.00 மணிக்கு அடைவதாக ஒரு சீட்டில் இருப்பதாகக் கொள்வோம். கழித்துப் பார்த்தால் ஐந்தரை மணி நேரம். திரும்பும் சீட்டில், இலண்டனில் பகல் 1.00 மணிக்குப் புறப்பட்டு மறுநாள் காலை 4.30 மணிக்குச் சென்னை என்று இருக்கட்டும். கழித்தால் பதினைந்தரை மணி நேரம். இரண்டும் உண்மையான பயண நேரங்கள் அல்ல. சீட்டில் குறிக்கப்படுவது அந்தந்த ஊரின் உள்ளூர் நேரம். குளிர்காலத்தில் இலண்டன் நேரம் இந்திய நேரத்துக்கு ஐந்தரை மணி பின்தங்கியது. முதற்பயணத்தில் அதைக் கூட்டினால் 11 மணி. திரும்பும் பயணத்தில் கழித்தால் 10 மணி. கோடையில் இலண்டனில் கடிகாரத்தை ஒரு மணி முன்னே நகர்த்திவிடுவர். அப்போது வேறுபாடு நாலரை மணியாகும்.

இந்தியாவுக்கு உள்ளேயும் ஒரு காலத்தில் ஊருக்கு ஊர் நேரம் வேறுபட்டது. இருப்புப்பாதைகள் பரவியபின் சென்னை நேரத்தை அவை பின்பற்றின. 1906ஆம் ஆண்டின் முதல் நாளிலிருந்து இந்தியச் சீர்நேரம் நடைமுறைக்கு வந்தது. அது கிழக்குத் தீர்க்கரேகை 82.5 பாகைக்கு உரிய நேரம். உதகையோ 76.7 பாகையில் இருக்கிறது. ஒரு பாகைக்கு நான்கு நிமிடம் என்னும் கணக்கில், உதகையில் கதிரவன் உச்சிக்கு வரும் வேளை சராசரியாகப் பகல் 12 மணி 23 நிமிடம். 7.10க்குப் புறப்பட்ட வண்டி நண்பகலில் உதகையை அடையும்போது, கடிகாரத்தில்தான் நண்பகல். வானத்தில் இன்னும் சற்று நேரம் இருக்கிறது.

மூடப்படும் வழிகள்

சுற்றுலாப் பயணிக்கு உதகை ஒரு நாள் பயணம். மலையிலேயே வாழ்பவருக்குத் தொலைவின் கணக்கு வேறு.

மேட்டுப்பாளையத்துக்கும் குன்னூருக்கும் இடையே உள்ள சாலையில் 14 கொண்டைஊசி வளைவுகள் இருக்கின்றன. உதகையிலிருந்து மசினகுடிக்கு இறங்கும் கல்லட்டிச் சாலையில் 36. கூடலூரைச் சுற்றிச் செல்வதைவிடக் கல்லட்டி வழி மிகவும் குறுகியது; ஆனால் விபத்துகள் மிகுந்த செங்குத்தான பாதை என்பதால் வெளியூர் ஊர்திகளுக்கு அங்குக் கட்டுப்பாடு உண்டு. குறுகிய வழி விரைவான வழியாகவும் இருக்க வேண்டும் என்பதில்லை. கல்லாற்றுப் பகுதியில் யானைகளின் வழித்தடம் சாலையையும் இருப்புப்பாதையையும் குறுக்கே கடக்கிறது. யானைக் கூட்டம் கடக்கும்வரை ஊர்திகள் காத்திருக்க வேண்டும். அவ்வழி யானைகளுக்கே முதலில் உரியதாக இருந்தது என்பதால், இதைத் தாமதம் என்று சொல்வதும் பொருந்தாது.

மழைக்காலத்தில் இக்கணக்குகள் எல்லாம் குலைந்துபோகின்றன. 2009 நவம்பரில் நீலகிரியில் பெய்த பெருமழையால் ஏற்பட்ட நிலச்சரிவுகளில் நாற்பதுக்கும் மேற்பட்டோர் இறந்தனர், சாலைகள் பெயர்ந்தன, இருப்புப்பாதை சிதைந்தது. 2019 ஆகஸ்டில் அவலாஞ்சியில் ஒரே நாளில் 80 சென்டிமீட்டருக்குமேல் மழை பெய்தது. அத்தகைய நாள்களில், எதிரே தெரியும் மலைமுகட்டில் இருக்கும் ஊரும் எட்டாத ஊராகிவிடும். ஐப்பசி, கார்த்திகை மாதங்களில் பாறைகள் உருண்டு விழுந்து, மலைத் தொடர்வண்டி நாள்கணக்கில் நிறுத்தப்படுவது இன்றும் வழக்கம்.

தேயிலைத் தோட்டக் குடியிருப்பில் ஒருவருக்கு நள்ளிரவில் நெஞ்சுவலி வந்தால், மருத்துவமனை எத்தனை கிலோமீட்டர் என்று எவரும் கேட்பதில்லை. எவ்வளவு நேரம் ஆகும் என்றே கேட்பர். நெடுங்காலமாக, உயர்சிகிச்சை தேவைப்பட்ட நோயாளிகளை மலையிறக்கிக் கோயம்புத்தூருக்குக் கொண்டுசெல்ல வேண்டியிருந்தது. உதகையில் அரசு மருத்துவக் கல்லூரி தொடங்கப்பட்டு, 2025ஆம் ஆண்டு 700 படுக்கைகள் கொண்ட மருத்துவமனையும் திறக்கப்பட்டது. உதகைக்கும் கோயம்புத்தூருக்கும் இடையே உள்ள தொலைவு ஒரு மீட்டர்கூடக் குறையவில்லை. ஆயினும், உதகைக்கும் குந்தாவுக்கும் அருகில் உள்ள தோட்டங்களில் வாழ்வோருக்கு மருத்துவம் பல மணி நேரம் அருகே வந்துவிட்டது.

மாவட்டத்தின் மேற்கு முனையில் உள்ள பந்தலூர்ப் பகுதிக்கு நிலை அவ்வாறில்லை. அங்கிருந்து உதகை 70 கிலோமீட்டருக்கு மேல். முதலில் கூடலூர் வந்து, பிறகு நடுவட்டம் வழியாக மலையேற வேண்டும். மாநில எல்லைக்கு அப்பால் இருந்தாலும், வயநாட்டின் சுல்தான் பத்தேரி அவர்களுக்கு அருகில். அவசரம் என்றால் அங்குள்ளோர் பலர் இன்றும் ஊர்தியை அத்திசையில்தான் திருப்புகின்றனர்.